இருபத்தோராயிரம் அடியில் ஒரு கல்யாண வீடு

புதிதாக டர்போபிராப் விமானம் ஓட்ட வருகிறவர்களுக்கு உயரத்தின் மேல் ஒரு கிறுக்கு உண்டு. எனக்கும் இருந்தது. பழைய பிஸ்டன் விமானத்தில் பத்தாயிரம் அடி ஏறுவதற்குள் மூச்சு முட்டிப்போனவன் கையில், இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறும் விமானத்தைக் கொடுத்தால் அவன் வேறென்ன செய்வான்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முதலாளியை மதுரைக்குக் கொண்டுபோனேன். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு விமானத்தில் போவதே ஆடம்பரம். நான் அவரைப் பதினெட்டாயிரம் அடிக்கு ஏற்றினேன். ஏறி முடித்ததும் இறங்கும் நேரம் வந்துவிட்டது. முதலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இறங்கினார்.

“என்னய்யா, பக்கத்து வீட்டுக்குப் போறதுக்கு மச்சு ஏறிக் குதிச்ச மாதிரில்லா இருக்கு” என்றார்.

அவருக்கு விமானம் தெரியாது, ஆனால் சொன்னது சரி. டர்போபிராப் எஞ்சின் உயரே போகப்போகக் குறைவாகக் குடிக்கும். அதற்காக எல்லாப் பயணத்துக்கும் உயரே போகக் கூடாது. ஏறும்போது எரிபொருளைக் கொட்டி வாங்குகிற உயரத்தை, அங்கே நெடுநேரம் பறந்துதான் திருப்பி எடுக்க முடியும். காற்று எந்தத் திசை, பாரம் எவ்வளவு, எங்கே இறங்கவேண்டும் என்பதையெல்லாம் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். அதை உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள்.

மதுரைக் கதையை நான் யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்லுவேன். இன்னொரு கதை இருக்கிறது. அதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். அதற்காகச் சில மாதங்கள் பறக்க அனுமதி இல்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அதிலும் சிரிப்பு நிறைய உண்டு. உண்மையில், அதில் இருந்த கோளாறே சிரிப்புத்தான்.

எழுபதுகளில் தூத்துக்குடிக்கு வழக்கமான விமானம் கிடையாது. கப்பல் ஏஜென்சியும் உப்பளமும் வைத்திருந்த எங்கள் முதலாளி, புதுத் துறைமுகம் வந்த உற்சாகத்தில் எட்டுப் பேர் உட்காரும் இரட்டை எஞ்சின் டர்போபிராப் ஒன்றை வாங்கினார். போர்க்காலத்தில் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் ஒன்றைக் கொத்திச் சரிசெய்து எங்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கு விளக்கு கிடையாது. பொழுது சாய்ந்தால் இறங்க முடியாது. பகலில் ஆடுகளைக் கேட்டுக்கொண்டு இறங்கவேண்டும்.

விமானம் வந்த அன்று மாதா கோவில் சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். முதலாளியின் வீட்டம்மா உள்ளே ஏறி, கருவிப் பலகையில் வெறுமையாகத் தெரிந்த ஓர் இடத்தில் ஒரு மாதா படத்தை ஒட்டினார். கைக்குள் அடங்கும் காகிதப் படம். அந்த இடம் வெறுமையாகத் தெரிந்ததற்குக் காரணம், அங்கே இருந்த சிறு விளக்கு எரியாமல் இருந்ததுதான். விமானத்துக்குள் காற்று மெலிந்து, ஆட்களுக்கு ஆகாது என்ற நிலை வந்தால்தான் அது மஞ்சளாக எரியும்.

படத்தை எடுத்து வேறிடத்தில் ஒட்டியிருக்கலாம். நான் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் வீட்டுக்காரன். எங்கள் வீட்டில் முருகனும் அம்மனும். மாதாவை நான் உரித்தால் என்ன நினைப்பார்களோ என்று விட்டேன். துணை விமானி ஜெரால்ட் கடற்கரைக்காரன், ஞாயிறு பூசை தவறாதவன்.

“நான் எடுத்தா எங்கம்மா சோறு போட மாட்டா, கேப்டன். நீங்க எடுங்க, உங்களுக்குப் பாவமில்ல” என்பான்.

“பாவமில்லலே, சம்பளமும் இல்ல” என்பேன்.

உள்ளழுத்தத்தை, அது எத்தனை அடி உயரத்துக் காற்றுக்குச் சமம் என்ற கணக்கில் காட்ட ஒரு முள்ளும் இருந்தது. முள்தான் இருக்கிறதே என்று இருவரும் சமாதானம் செய்துகொண்டோம்.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கதவைச் சுற்றி உள்காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் கசியத் தொடங்கியது. மாற்று ரப்பர் சென்னைத் துறைமுகத்தில் சுங்கத்தில் கிடந்தது. அது வரும்வரை பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல் போகவேண்டாம் என்று எங்கள் பராமரிப்புப் பொறியாளர் சொன்னார். சரி என்றேன்.

அப்போதுதான் தொம்மையின் கல்யாணம் வந்தது. தொம்மை முதலாளியின் ஞானப்பிள்ளை. ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தியவர் அவர். தொம்மை கப்பலில் எஞ்சினியர். பெண் பிலோமினா, தூத்துக்குடியிலேயே படகுக்காரர் வீட்டுப் பெண். ஏற்கெனவே இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் கப்பல் எங்கோ மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை வரவில்லை. மூன்றாம் முறையும் வராவிட்டால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன் என்று அவள் அப்பா தெருவில் நின்று சொல்லிவிட்டார். குறித்த நாள், விபூதிப் புதனுக்கு முந்திய செவ்வாய். புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோவிலில் கல்யாணக் கொண்டாட்டம் இல்லை. அதற்குள் தொம்மை மறுபடி கடலில் இருப்பான், ஒன்றரை வருடத்துக்கு. ஆகவே அந்தச் செவ்வாய் மாலைப் பூசைக்குள் அவன் பீடத்தின் முன்னால் நிற்கவேண்டும்.

அவனை அழைத்து வர முந்தின நாளே பம்பாய்க்குப் போனோம். தாழப் பறந்து, பெங்களூரில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு, ஒழுங்காகப் போனோம். திரும்பும்போதும் அப்படித்தான் என்று திட்டம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் கப்பலுக்குத் துறையில் இடம் கிடைக்கவில்லை. அது வெளியே நங்கூரமிட்டு நின்றது. தொம்மை லாஞ்ச் படகில் கரையேறி விமான நிலையம் வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. கூட அவனுடைய கப்பல் தோழர்கள் இரண்டு பேர், ஒரு கிட்டார், நான்கு பெட்டி. தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்த இஞ்ஞாசி அத்தை ஒரு வாரமாகவே பம்பாயில் காத்திருந்தாள். அவள் கையில் ஒரு மக்ரூன் டின்.

முதலாளி தொலைபேசியில் காத்திருந்தார். இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் கெஞ்சியது.

“ஏய்யா, பிள்ளைய பொழுதோட கொண்டாந்து சேத்துருவியா? பொண்ணு வீட்டுல நெருப்ப அள்ளிக் கொட்டுதாவ.”

“மாலைப் பூசைக்கு மாப்பிள்ளை உங்க கையில, அண்ணாச்சி” என்றேன்.

வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் அட்டவணையை விரித்தேன். வாக்குக் கொடுத்த பிறகு கணக்குப் போட்டால், கணக்கு வாக்குக்குத் தகுந்தபடி வரும். பன்னிரண்டாயிரம் அடியில் போனால் நடுவில் இறங்காமல் முடியாது. இறங்கினால் பொழுது போய்விடும். இருபத்தோராயிரத்தில் போனால் ஒரே தாவாகப் போய்ச் சேர்ந்து, வேண்டுமானால் மதுரைக்குத் திரும்பிப் போகவும் மிச்சம் இருக்கும். காற்றும் அதற்கேற்றபடி இருந்தது. எங்கள் கடற்கரைக்காரர்கள் மேற்குக் காற்றைக் கச்சான் என்பார்கள், கிழக்குக் காற்றைக் கொண்டல் என்பார்கள். அன்று மேலே கச்சான், கீழே கொண்டல். உயரப் போகிறவனைத் தள்ளிவிடும், தாழப் போகிறவனைத் தடுக்கும்.

“ரப்பர், கேப்டன்?” என்றான் ஜெரால்ட்.

“காலைல தரையில அழுத்தம் ஏத்திப் பாத்தோம்லா. சொட்டுக்கூடக் கசியல.”

“பன்னெண்டுன்னு சொன்னாவளே.”

“நீலகிரியில மனுசன் இல்லையா? கொஞ்சம் மெலிஞ்ச காத்துல ரெண்டு மணி நேரம் இருந்தா செத்தா போவான்?”

அவன் பெட்டிகளை ஏற்றப் போனான். மாப்பிள்ளை அவனுக்கு ஒருவகையில் மச்சான் முறை. அவனுக்கும் அவசரம்தான்.

தரையில் கசியாத ரப்பர் மேலே கசியும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். பம்பாய் வெயிலில் அது மெத்தென்று இருந்தது. இருபத்தோராயிரம் அடியில் குளிர் உறைய வைக்கும். பழைய ரப்பர் விறைத்துக் கட்டையாகிவிடும்.

ஏறும்போது இஞ்ஞாசி அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டினாள்.

“அத்தை, கீழ பாக்காதிய” என்று தொம்மை சொன்னது எனக்குக் கேட்டது.

“நான் எங்கய்யா பாக்கேன். விழும்போது சொல்லு, அப்ப முழிச்சுக்கிடுதேன்.”

கோவாவைத் தாண்டும்போது எல்லாம் அழகாக இருந்தது. கச்சான் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. எரிபொருள் கணக்கு தாளில் எழுதியபடியே வந்தது. உள்ளழுத்தத்தின் முள்ளைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சற்றே மேலே இருந்தது. சற்றேதானே என்று நினைத்தேன்.

மங்களூருக்குப் பிறகு பின்னால் கச்சேரி தொடங்கியது. தோழன் ஒருவன் கிட்டாரை எடுத்தான். இன்னொருவன் அலுமினியப் பெட்டியில் தாளம் போட்டான். கொஞ்ச நேரத்தில் அத்தை ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கை தட்டத் தொடங்கினாள். தொம்மை சின்ன வயதில் பாடல்குழுவில் நின்றுகொண்டே தூங்கி, முன்னால் நின்ற பெண்பிள்ளைகள் மேல் சரிந்த கதையை அவள் சொன்னாள். அந்தப் பெண்பிள்ளைகளில் ஒருத்திதான் பிலோமினா என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை அவள் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் முதல் முறை கேட்பதுபோல் சிரித்தோம்.

ஜெரால்ட் மடியில் தாளை வைத்து எரிபொருள் கணக்குப் போட்டான். ஒரே கணக்குக்கு மூன்று விடை வந்தது.

“எது வேணும், கேப்டன்?”

“பெருசா உள்ளத எடுத்துக்கோ.”

அவன் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் நிமிர வெகுநேரம் ஆனது. அதுவும் வேடிக்கையாக இருந்தது.

என்னைப் போல் ஒரு விமானி தென்னிந்தியாவில் இல்லை என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு நல்ல விமானத்தை வெறும் இருபத்தோராயிரத்தில் வைத்திருப்பது பாவம், இன்னும் ஏற்றினால் என்ன என்று யோசித்தேன். கல்யாண வீட்டுச் சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். அன்று அந்த விமானத்தில் யார் சிரித்தாலும் அதற்குக் காரணம் இருந்தது. வேறொரு நாள், நாலு வியாபாரிகள் அப்படிச் சிரித்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன். காற்று மெலிந்தால் முதலில் மூச்சு முட்டாது, வலிக்காது. நாக்கு குழறும், மனசு துள்ளும். கல்யாணக்காரர்களுக்கு இரண்டும் இயல்பாகவே உண்டு.

அத்தை தள்ளாடிக்கொண்டு எங்களிடம் வந்து, என் வாயிலும் ஜெரால்ட் வாயிலும் ஆளுக்கொரு மக்ரூனைத் திணித்தாள். பிறகு கருவிப் பலகையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

“ஏய்யா, மாதா மொகத்துல ஒளி வருது பாரு.”

பார்த்தோம். காகிதத்துக்குப் பின்னாலிருந்து மாதாவின் முகத்தைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம் பரவியிருந்தது. ஜெரால்ட் சிலுவை போட்டுக்கொண்டான். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் இருந்தவர்களைக் கூப்பிட்டாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மாதா பாட்டு தொடங்கியது.

நான் கண்டிப்பாகச் சொல்லவேண்டியது இதுதான். அது எந்த விளக்கு என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்திலும் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். தெரிந்தது, ஆனால் அது நல்ல செய்தியாகத் தெரிந்தது. நானும் சேர்ந்து பாடினேன். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது.

அப்போது கட்டுப்பாட்டு அறையிலிருந்து எங்கள் இருப்பிடத்தைக் கேட்டார்கள். கோவிலுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். மறுபடி கேட்டார்கள். சாப்பாடு இன்னும் போடவில்லை என்றேன். அவர்கள் உயரம் கேட்டார்கள், ஆட்கள் எத்தனை என்று கேட்டார்கள், கீழே இறங்கச் சொன்னார்கள். சுத்தமான ஆங்கிலத்தில் அவர்கள் சொன்னது தூரத்துக் கல்யாண மேளம் போல இனிமையாகக் காதில் விழுந்தது.

திடீரென்று அதே அலைவரிசையில் இன்னொரு குரல். வேறு ஏதோ விமானத்தில் போய்க்கொண்டிருந்த விமானி. என் ஆங்கிலத்தின் இழுப்பைக் கேட்டு நான் எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிட்டார் போலும்.

“ஏலே. மாஸ்க்க எடுத்து மாட்டுலே.”

நான் பாட்டை நிறுத்தினேன்.

“ஒன்னத்தாம்லே. நகத்தப் பாரு.”

பார்த்தேன். பத்து நகமும் நாவல்பழ நிறத்தில் இருந்தன. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

“நீலமா இருக்கு, அண்ணாச்சி” என்றேன்.

“செத்துக்கிட்டு இருக்கடே. இடது பக்கம் தொங்குதுல்லா, எடு. மூக்குல வை. வச்சுட்டு என்கூடப் பேசு.”

அவ்வளவு ஆங்கிலம் நுழையாத இடத்தில் அந்த ‘ஏலே’ நுழைந்தது. சின்ன வயதில் ஆற்றங்கரையில் நின்று அப்பா கூப்பிடுகிற குரல் மாதிரி. அதற்குக் கீழ்ப்படியாமல் இருக்க எனக்குத் தெரியாது. முதல் முறை ஆக்சிஜன் முகமூடியைத் தலைகீழாக வைத்தேன். இரண்டாம் முறை சரியாக உட்கார்ந்தது. நாலைந்து மூச்சு இழுத்தேன்.

யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. வலப்பக்கம் ஜெரால்ட் புன்னகையோடு மயங்கிக் கிடந்தான். பின்னால் பாட்டு இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. தொம்மை ஜன்னலில் சாய்ந்திருந்தான். அத்தை நடைபாதையில் உட்கார்ந்து, பாதி மக்ரூனைக் கையில் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். முள் காட்டிய உயரத்தைப் படித்தேன். இந்த முறை புரிந்தது.  எஞ்சின்களைக் குறைத்து, விமானத்தின் மூக்கை அழுத்தி, கீழே இறக்கினேன். அவ்வளவு வேகமாக நான் எப்போதும் இறக்கியதில்லை. காதில் குரல் விடாமல் பேசிக்கொண்டே வந்தது.

“ஏழுல மூணு போனா எவ்வளவு?”

“நாலு.”

“பதினேழுல ஒம்பது போனா?”

“எட்டு.”

“சரி, மனுசனாயிட்ட. எந்த ஊருலே?”

“ஆத்தூரு.”

“அதான பாத்தேன். வெத்தலய அதக்கிக்கிட்டுப் பேசுத மாதிரியே இருந்துது.”

பத்தாயிரம் அடியில் நிமிர்த்தினேன். பின்னால் ஒவ்வொருவராக அசைந்தார்கள். எல்லாரும் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெரால்ட் கண்ணைத் திறந்து, கீழே விழுந்த பேனாவைத் தேடினான்.

“ஏன்யா பாட்ட நிறுத்திட்டிய?” என்றாள் அத்தை.

அந்தக் குரல் கடைசியாகச் சொன்னது இது: “திருவனந்தபுரம் பக்கந்தான். எறங்கிரு. எறங்கி, எல்லாருக்கும் ஒரு டீ வாங்கிக் குடு. கல்யாணம் நாளைக்கும் நடக்கும்.”

“சரி, அண்ணாச்சி” என்றேன். அவர் வேறு அலைவரிசைக்குப் போய்விட்டார். அவர் பெயரை நான் கேட்கவில்லை. பிறகு எவ்வளவோ விசாரித்தும் தெரியவில்லை.

இதுவரை நடந்ததற்கு மெலிந்த காற்றைக் குறை சொல்லலாம். இதற்குப் பிறகு நடந்ததற்கு நான்தான்.

திருவனந்தபுரம் வலப்பக்கம் நன்றாகத் தெரிந்தது. ஓடுதளம் தெரிந்தது, கடல் தெரிந்தது. எரிபொருளை மறுபடி கணக்குப் போட்டேன், இந்த முறை ஒரே விடைதான் வந்தது. பத்தாயிரத்தில் எஞ்சின் இரண்டும் மடக்மடக்கென்று குடித்தன. எதிரே கொண்டல். மலையைத் தாண்டி எங்கள் தளத்துக்குப் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். அங்கே இறங்க முடியாமல் போனால் வேறெங்கும் போக இருக்காது.

தொம்மை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணாச்சி, பொழுதோட போயிருவோமா?”

கல்யாணம் நாளைக்கு நடக்காது என்பது அந்த முகம் தெரியாத விமானிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதோடு, மாலைப் பூசைக்கு என்று சொன்னது நான். திருவனந்தபுரத்தில் இறங்கினால் ஏன் இறங்கினாய் என்று கேட்பார்கள். உயரம் வெளியே வரும், ரப்பர் வெளியே வரும். தூத்துக்குடியில் இறங்கினால் கேட்க ஆளில்லை, கட்டுப்பாட்டு அறைக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

“போயிருவோம்” என்றேன்.

மலையைத் தாண்டியபோது எரிபொருள் முள் இரண்டில் ஒன்று சிவப்பைத் தொட்டது. பொருநைக் கரை வயல்களின் மேல் வரும்போது இன்னொன்றும் தொட்டது. ஜெரால்ட் இந்த முறை சிரிக்கவில்லை. உப்பளங்கள் சாய்ந்த வெயிலில் மின்னின. ஓடுதளம் நேரே வந்தது. அதன் நடுவில் ஆடுகள்.

வேறு நாளாக இருந்தால் மேலே ஒரு சுற்றுச் சுற்றி, ஆடுகள் கலைந்ததும் வருவேன். சுற்ற எண்ணெய் இல்லை. நேரே இறக்கிக்கொண்டே வந்தேன். அப்போது ஓடுதளத்தின் மறுமுனையிலிருந்து முதலாளியின் அம்பாசடர் கார் ஹாரனை அழுத்திக்கொண்டு ஆடுகளுக்குள் பாய்ந்து வந்தது. ஓட்டுநர் கதவு வழியாக ஒரு காலை வெளியே நீட்டியிருந்தார். எதற்கென்று இன்றும் தெரியாது. ஆடுகள் இரண்டு பக்கமும் சிதறின. கார் ஒரு பக்கம் திரும்பி உப்புப் பாத்திக்குள் இறங்கியது. கார் விலகிய இடத்தில் நான் இறங்கினேன்.

கொட்டகையை நோக்கி ஊர்ந்து போகும்போது இடது எஞ்சின் தானாக நின்றது. நான் அணைத்துவிட்டேன் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். நானும் அவர்களைப் பார்த்துக் கையசைத்தேன்.

மாலைப் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருக்கும்போது தொம்மை பீடத்தின் முன்னால் நின்றான். கப்பல் சீருடையைக் கழற்ற நேரம் இல்லை. மேலே ஒரு கோட்டை மாட்டிவிட்டார்கள். பிலோமினா அவனைப் பார்த்தபோது அந்தக் கோவிலில் இருந்த அத்தனை பேருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு மாலையை நான் பார்த்ததில்லை. என்னை யார் யாரோ கட்டிப் பிடித்தார்கள்.

விருந்துப் பந்தலில் இஞ்ஞாசி அத்தை எழுந்து நின்று ஊருக்கெல்லாம் மாதாவின் அற்புதத்தைச் சொன்னாள். விமானம் வானத்தில் போகையில் மாதா முகத்தில் ஒளி வந்ததையும், பிள்ளைகள் பாடியதையும், மாதாவே ஆட்டை விலக்கிப் பாதை விட்டதையும் சொன்னாள். பிறகு என்னைக் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“இவரு நம்ம வேதக்காரரு இல்ல. இவரே சொல்லட்டும். பாத்தியளா, இல்லையா?”

முந்நூறு முகங்கள் என்னைப் பார்த்தன.

“ஆமா. நானும் பாத்தேன்” என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமும் பொய். பந்தல் முழுக்கக் கைதட்டல். முதலாளியின் வீட்டம்மா எழுந்து, அந்தப் படத்துக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டு, இனி எவரும் தொடாதபடி அங்கேயே பதித்துவிடப்போவதாகச் சொன்னார். நாளைக்குச் சாம்பல் வாங்கிவிட்டு எல்லாரும் மெழுகுவர்த்தியோடு விமானத்தைப் பார்க்கப் போகலாம் என்றார். இன்னும் பலமாகக் கைதட்டல்.

ஜெரால்ட் என் காதருகே வந்தான்.

“கண்ணாடி போட்டுட்டா அந்த விளக்க இனிமே ஒருத்தனும் விளக்குன்னு நினைக்க மாட்டான், கேப்டன். எரிஞ்சா கையெடுத்துக் கும்பிடுவான்.”

எனக்குப் பின்னால் அந்த விமானத்தை ஓட்டப்போகிறவர்களைப் பற்றி அந்தக் கணம்வரை நான் நினைத்ததே இல்லை. இலையில் சோறு அப்படியே இருந்தது. எழுந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். முதலாளியும் அத்தையும் பக்கத்தில் இருந்தார்கள். மைக்கில் சொல்லத் தைரியம் இல்லை, அவர்களிடம் சொன்னேன். ரப்பர், உயரம், விளக்கு, நீல நகம், திருவனந்தபுரம், நின்றுபோன எஞ்சின். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

முதலாளி “நாளைக்கு ஆபீசுக்கு வாரும்” என்றார். அதுவரை அவர் என்னை ‘ஏய்யா, வா’ என்றுதான் அழைத்திருக்கிறார்.

அத்தை மட்டும் அசரவில்லை.

“அப்ப மாதா வெளக்கு வழியா சொல்லியிருக்கா. ஆபத்துடே, எறங்குங்கன்னு சொல்லியிருக்கா. நீரு கூடச் சேந்து பாடியிருக்கீரு” என்றாள். இதைவிடச் சரியாக அந்த விளக்கைப் பற்றி எந்த விசாரணையிலும் யாரும் சொல்லவில்லை.

பிலோமினா அதுவரை தலையைக் குனிந்திருந்தாள். மணப்பெண் பேசுகிற நேரம் அல்ல அது. ஆனாலும் நிமிர்ந்தாள்.

“எதுக்கு அவ்வளவு அவசரப்பட்டிய?”

“இன்னைக்கு விட்டா கல்யாணம் நின்னுருமேன்னுதாம்மா.”

“யாரு சொன்னா?”

“உங்க அப்பாதான்...”

“அப்பா கோவத்துல தெருவுல நின்னு கத்துனத ஊரே கேட்டிய. ரெண்டு தடவை நாள் தள்ளிப் போனப்ப நான் காத்துக்கிட்டுத்தான இருந்தேன்? ஈஸ்டர் என்ன, இவரு அடுத்த கப்பல்ல போயிட்டு வார வரைக்கும் இருந்திருப்பேன். ஒருத்தரும் என்கிட்ட கேக்கலையே.”

யாரும் கேட்கவில்லை. முதலாளி கேட்கவில்லை, தொம்மை கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. பம்பாயிலிருந்து அந்தத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பன்னிரண்டாயிரம் அடியில் போய், பெங்களூரில் இறங்கி, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வந்திருப்பேன்.

 தொம்மை பேச்சை மாற்றுவதற்காக ஒரு துண்டு கேக்கை எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனான். பந்தலில் எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.